தூங்கி வழிந்த கிராபிக்ஸ் கார்டு!

திருத்தணி.

அறுபடை வீடுகளில் ஒன்று. மலை மேல் முருகன் கோவில். ஏறிப் போக 365 படிகள். ஆண்டுக்கு எத்தனை நாளோ, அத்தனை படி.

எல்லை ஊர் இது. 1960-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந் தேதிதான் ஆந்திராவில் இருந்து பிரிந்து, சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. கடைத்தெருவில் தமிழும் தெலுங்கும் கலந்து கேட்கும். அப்பாவை "நைனா" என்று கூப்பிடும் பிள்ளைகள் இங்கே உண்டு.

அப்படி ஒரு வீட்டில்தான் இந்தச் சங்கதி நடந்தது. மலை அடிவாரத்தில் பூ, தேங்காய், கற்பூரம் விற்கும் ஒருவருடைய வீடு. நமக்குப் பழக்கமானவர்.

சங்கதி பெரிது அல்ல. வீட்டில் ஒரு கம்ப்யூட்டர். அதில் ஒரு விளையாட்டு. அது திக்கித் திக்கி ஓடியது. அவ்வளவுதான்.

ஆனால் அதற்காக ஒரு பெண்ணின் படிப்புச் செலவுக்கு வைத்திருந்த பணம் போக இருந்தது. அக்காளும் தம்பியும் இரண்டு நாள் பேசிக் கொள்ளவில்லை!

"கார்டு போச்சு!"

பையன் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். கோடை விடுமுறை நாட்களில் நைனாவுக்குக் கடையில் உதவி செய்தான். ஆடிக் கிருத்திகைக்குக் காவடிக் கூட்டம் வந்தபோது, இரவு பகல் பார்க்காமல் தேங்காய் உடைத்துக் கொடுத்தான். அப்படிச் சேர்த்த பணத்தில் பழைய கம்ப்யூட்டர் ஒன்று வாங்கினான். அதில் "ஜி.டி.எக்ஸ். 1650" என்ற கிராபிக்ஸ் கார்டு இருந்தது.

கிராபிக்ஸ் கார்டு என்றால் என்ன?

கம்ப்யூட்டர் திரையில் நீங்கள் பார்க்கும் படத்தை வரைகிற அட்டை அது. சினிமாவில் ஒரு வினாடிக்கு 24 படம் ஓடுகிறது அல்லவா? கம்ப்யூட்டர் விளையாட்டில் வினாடிக்கு 60 படமாவது ஓடினால்தான் கண்ணுக்குச் சுகம். சினிமாப் படம் முன்பே எடுத்தது. விளையாட்டில் அப்படி அல்ல. பையன் எந்தப் பக்கம் திரும்புகிறானோ, அந்தப் பக்கத்துச் சுவரையும் மரத்தையும் ஆளையும் அந்த நிமிடமே வரைய வேண்டும். அந்த வேலையைச் செய்வதுதான் கிராபிக்ஸ் கார்டு.

ஆறு மாதம் நன்றாக ஓடியது. ஏப்ரல் மாதம் வந்தது. படம் திக்கியது. ஆள் ஓடுவான், நின்று விடுவான், திடீரென்று பத்தடி தள்ளி நிற்பான். அதற்குள் எதிரி சுட்டு விடுவான்.

பையன் ஒரு கடைக்காரரிடம் போய்ச் சொன்னான். அவர் எந்திரத்தைப் பார்க்கவே இல்லை.

"கார்டு போச்சு தம்பி! புதுசு போட்டுக்கோ. பதினைந்தாயிரம் ஆகும்" என்றார்.

வீட்டில் சீட்டுப் பணம் பதினாறாயிரம் வந்து இருந்தது. அக்காள் டேலி வகுப்பில் சேரவும், அதற்காக அரக்கோணம் போய் வரவும் என்று அம்மா எடுத்து வைத்த பணம். பையன் அழாத குறையாகக் கேட்டான். அம்மாவின் மனம் இளகியது.

அக்காள் ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய்ப் படுத்துக் கொண்டாள்.

அரக்கோணம் தம்பி வந்தார்

நைனாதான் யோசித்தார். "பதினைந்தாயிரம் என்பது எத்தனை தேங்காய் தெரியுமா? இன்னொரு ஆளையும் கேட்போம்" என்றார்.

அரக்கோணத்தில் இருந்து ஒரு கம்ப்யூட்டர் மெக்கானிக் வந்தார். முப்பது வயதுகூட இருக்காது. அன்று நாமும் அந்த வீட்டில் இருந்தோம்.

அவர் செய்த முதல் காரியம், எந்திரத்தைத் திறக்காமல் இருந்ததுதான்.

"ஆட்டத்தைப் போடு தம்பி. பத்து நிமிடம் ஆடு. நான் பார்க்கிறேன்" என்றார்.

"ஜி.பி.யூ.-இசட்" என்று ஒரு சிறிய சாப்ட்வேர் இருக்கிறது. காசு இல்லை. இலவசம். டாக்டர் நாடி பார்ப்பது போல, கிராபிக்ஸ் கார்டுக்கு நாடி பார்க்கும். கார்டு எவ்வளவு வேகத்தில் ஓடுகிறது, எவ்வளவு சூடு, எவ்வளவு வேலை செய்கிறது என்று நிமிடத்துக்கு நிமிடம் காட்டும். அதைத் திறந்து வைத்தார்.

பையன் ஆடினான். படம் திக்கியது. மெக்கானிக் திரையைக் காட்டினார்.

"பாருங்கள் அண்ணே. இந்தக் கார்டுக்கு நோய் இல்லை. இது தூங்குகிறது!"

படி ஏறும் கார்டு

தூக்கமா? கார்டுக்கா?

ஆம். அது ஒரு கோளாறும் அல்ல. அப்படித்தான் அதைச் செய்து இருக்கிறார்கள்.

மலைக் கோவிலுக்குப் படி இருப்பது போல, இந்தக் கார்டின் வேகத்துக்கும் படிகள் உண்டு. வேலை இல்லாதபோது கீழ்ப்படியில் உட்கார்ந்து விடும். ஜி.டி.எக்ஸ். 1650 கார்டின் கீழ்ப்படி ஏறக்குறைய 300 மெகாஹெர்ட்ஸ். விளையாட்டு தொடங்கியதும் கிடுகிடு என்று மேலே ஏறும். 1,600-ஐத் தாண்டி ஓடும். ஆட்டம் முடிந்ததும் மறுபடி கீழே இறங்கி விடும்.

எதற்காக இந்த ஏற்றமும் இறக்கமும்?

மின்சாரச் சிக்கனத்துக்காகத்தான். சைக்கிள் மிதித்தவர்களுக்கு இது தெரியும். மெதுவாகப் போனால் மூச்சு வாங்காது. கொஞ்சம் வேகம் கூட்டினால், வாங்குகிற மூச்சு ஒன்றுக்கு இரண்டாகி விடும். கார்டும் அப்படியே. வேகம் கூடும்போது வோல்ட்டும் கூட வேண்டும். ஆகவே வேகம் சிறிது கூடினால், மின்சாரம் நிறையக் கூடும். அதோடு சூடும் கூடும். வேலை இல்லாத நேரத்திலும் மேல்படியில் நிற்பது வீண் அல்லவா?

இந்தச் சிக்கனத்துக்கு "பவர் மேனேஜ்மென்ட்" என்று பெயர். இதில் சங்கடம் என்னவென்றால், சிக்கனம் பண்ணும் ஆள் ஒருவர் அல்ல, மூன்று பேர். விண்டோஸ் ஒரு பக்கம் சிக்கனம் பண்ணும். கார்டோடு வரும் டிரைவர் சாப்ட்வேர் ஒரு பக்கம். மூன்றாவது கார்டே. சூடு ஏறினால் அது தானாகவே வேகத்தைக் குறைத்துக் கொள்ளும். மூவரில் யார் கையை வைத்து இருக்கிறார் என்று கண்டுபிடிப்பதுதான் மெக்கானிக்கின் சாமர்த்தியம்.

இதற்கு ஜி.பி.யூ.-இசட் ஒரு துப்பு கொடுக்கிறது. "பெர்ஃப்கேப் ரீசன்" என்று ஒரு வரி அதில் இருக்கும். கார்டு இதற்கு மேல் ஏறாததற்குக் காரணம் என்ன என்று அந்த வரி சொல்லும். "பவர்" என்று காட்டினால், கார்டு தனக்கு அனுமதித்த மின்சாரம் முழுவதையும் தின்று விட்டது என்று அர்த்தம். "தெர்மல்" என்றால் சூடு. "ஐடில்" அல்லது "யூட்டில்" என்றால், கார்டுக்கு வேலையே வந்து சேரவில்லை.

பையனின் கார்டு காட்டியது மூன்றாவது காரணத்தை.

வேலை கொடுக்க வேண்டியது யார்? கம்ப்யூட்டரின் பிராசஸர். அது சமையல்காரர் என்றால், கார்டு பரிமாறுகிறவர். உலையில் சோறு வேகாவிட்டால், பரிமாறுகிறவர் கரண்டியோடு சும்மா நிற்க வேண்டியதுதான்.

மெக்கானிக் "கண்ட்ரோல் பேனல்" திறந்தார். "பவர் ஆப்ஷன்ஸ்" போனார். "பவர் சேவர்" என்று இருந்தது. அதற்குள்ளே போனார். "மேக்ஸிமம் பிராசஸர் ஸ்டேட்" என்ற இடத்தில், நூறு இருக்க வேண்டிய இடத்தில், ஐம்பது என்று இருந்தது!

அதாவது, சமையல்காரரின் ஒரு கையை யாரோ கட்டி வைத்து இருக்கிறார்கள்.

"இது தானாக மாறாது. யாரோ மாற்றி இருக்கிறார்கள்" என்றார் மெக்கானிக்.

வீடு அமைதியாக இருந்தது. உள்ளறையில் இருந்து அக்காள் எழுந்து வந்தாள்.

"நான்தான் அண்ணா."

அக்காளின் கணக்கு

அந்த வீட்டில் கணக்கு வழக்குப் பார்ப்பது அவள்தான். பள்ளியில் படித்தபோது, அரசாங்கம் கொடுத்த இலவச மடிக்கணினியில் கம்ப்யூட்டர் பழகியவள். (2011-ம் ஆண்டு தொடங்கிய திட்டம் அது. எத்தனையோ வீடுகளுக்குள் முதல் கம்ப்யூட்டர் அப்படித்தான் நுழைந்தது.) ஏப்ரல் மாதம் மின்சாரக் கட்டணம் கூடுதலாக வந்தது. "இந்தக் கம்ப்யூட்டரால்தான்" என்று நினைத்தாள். ஒரு வீடியோவைப் பார்த்து, சிக்கன ஏற்பாடு செய்து விட்டாள். தம்பியிடம் சொல்ல மறந்து விட்டாள்.

தம்பிக்குக் கோபம் வந்தது. "ஒரு மாதமாக நான் படுகிற பாடு தெரியுமா உனக்கு?" என்றான்.

"பில் வருகிற பாடு தெரியுமா உனக்கு?" என்றாள் அவள்.

மெக்கானிக் சிரித்தார். ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டார். அந்தக் கணக்கு எல்லா வீட்டுக்கும் உதவும் என்பதால் இங்கே தருகிறோம்.

ஆயிரம் வாட் எந்திரம் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். ஜி.டி.எக்ஸ். 1650 கார்டு முழு வேகத்தில் ஓடினாலும் 75 வாட்தான். பழைய மாதிரி மின்விசிறி ஒன்று எடுக்கும் அளவு! மானிட்டர் உள்பட, கம்ப்யூட்டர் முழுவதும் 200 வாட் என்று வைத்துக் கொள்வோம். தினம் இரண்டு மணி நேரம் ஆடினால், 60 நாளைக்கு 24 யூனிட். 2016-ம் ஆண்டில், இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் வீடுகளுக்கு இலவசம் என்று தமிழக அரசு அறிவித்தது அல்லவா? அதில் கால் பங்குக்கும் குறைவு.

"அப்படியானால் பில் ஏன் கூடியது?"

மெக்கானிக் மேலே பார்த்தார். மூன்று மின்விசிறிகள் சுற்றிக் கொண்டு இருந்தன. மூலையில் ஒரு ஏர்கூலர். ஏப்ரல் மாதம். திருத்தணி. இதற்கு மேல் விளக்கம் வேண்டுமா?

ஆனாலும் அக்காள் சொன்னதில் கொஞ்சம் உண்மை இருந்தது. அது பிறகு தெரிந்தது.

முதலில் இதை மாற்றினார்

"பவர் சேவர்" என்று இருந்ததை "பேலன்ஸ்ட்" என்று மாற்றினார். "ஹை பெர்ஃபார்மன்ஸ்" என்றும் ஒன்று இருக்கிறது. ஆனால் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு நடுத்தரமே போதும் என்பது அவருடைய அபிப்பிராயம். நமக்கும் அது சரி என்றே படுகிறது. பிராசஸர் அளவை நூறு ஆக்கினார்.

அதே இடத்தில் "பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ்" என்று ஒரு தலைப்பு. அதன் கீழே "லிங்க் ஸ்டேட் பவர் மேனேஜ்மென்ட்". பிராசஸருக்கும் கார்டுக்கும் நடுவே உள்ள பாதையை, வண்டி போகாத நேரத்தில் பாதி மூடி வைக்கும் ஏற்பாடு இது. பெரும்பாலும் கெடுதல் இல்லை. ஆனால் சில எந்திரங்களில் பாதை திறக்கத் தாமதம் ஆகும். படம் ஒரு கணம் திக்கும். சில சமயம் திரை இருண்டு மீளும். அதை "ஆஃப்" செய்தார்.

பையன் ஆடினான். படம் எண்ணெய் போல ஓடியது!

அம்மாவின் முகம் மலர்ந்தது. ஆயா காப்பி கொண்டு வந்து கொடுத்தார்.

கதை இங்கே முடிந்து இருக்க வேண்டும். முடியவில்லை.

இருபது நிமிடம் ஆயிற்று. மறுபடியும் திக்கியது!

வெயில் வந்து சேர்ந்தது

மணி அப்போது பகல் இரண்டு.

கோடைக் காலத்தில் பத்திரிகையில் வெயில் செய்தி பார்ப்பவர்களுக்குத் திருத்தணியின் பெயர் மனப்பாடம். 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது இங்கே சாதாரணம். பழைய கணக்கில் 104 டிகிரி.

இந்தத் தடவை "பெர்ஃப்கேப் ரீசன்" வேறு பதில் சொன்னது. "தெர்மல்."

கிராபிக்ஸ் கார்டு தன் சூட்டைக் காற்றில்தான் தள்ள வேண்டும். அதற்கென்று சிறிய விசிறி வைத்து இருக்கிறது. அறையின் காற்றே 40 டிகிரி என்றால், அந்த விசிறி எதைக் கொண்டு குளிர வைக்கும்? சூடு 80 டிகிரியைத் தாண்டிப் போகப் போக, கார்டு தானாகவே படி இறங்க ஆரம்பிக்கும். வெந்து போகாமல் தன்னைக் காத்துக் கொள்ளும் வழி அது. இதை மாற்ற முயலக் கூடாது. சூட்டைத்தான் குறைக்க வேண்டும்.

மெக்கானிக் கம்ப்யூட்டரை நிறுத்தினார். சுவரில் இருந்து பிளக்கைப் பிடுங்கினார். பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றினார்.

உள்ளே பஞ்சு மெத்தை போலத் தூசி! பூக்கடைக்காரர் வீடு அல்லவா? நாரும் சேர்ந்து இருந்தது. கார்டு விசிறியின் இதழை விரலால் பிடித்துக் கொண்டு, பிரஷ்ஷால் துடைத்தார். விசிறியைப் பிடிக்காமல் காற்று அடித்தால், அது தாறுமாறாகச் சுற்றிக் கெட்டு விடும். பெட்டி சுவரோடு ஒட்டி இருந்தது. ஒரு முழம் முன்னால் இழுத்து வைத்தார்.

பிறகு டிரைவர் சாப்ட்வேரைத் திறந்தார். அங்கே ஒரு கள்ளன் அகப்பட்டான்.

தம்பியின் தப்பு

"என்விடியா கண்ட்ரோல் பேனல்" என்று அதற்குப் பெயர். திரையில் வெறும் இடத்தில் வலது பட்டனை அழுத்தினால் வரும். (புதிதாக "என்விடியா ஆப்" என்று ஒன்று வந்து இருக்கிறது. அதிலும் இதே ஏற்பாடு உண்டு.) "மேனேஜ் த்ரீ-டி செட்டிங்ஸ்" என்ற பகுதியில் "பவர் மேனேஜ்மென்ட் மோட்" என்று ஒரு வரி. அதில் "நார்மல்" என்று இருக்கலாம். "ப்ரிஃபர் மேக்ஸிமம் பெர்ஃபார்மன்ஸ்" என்றும் இருக்கலாம்.

இரண்டாவது, "எப்போதும் மேல்படியிலேயே நில்" என்று கார்டுக்குச் சொல்லும் உத்தரவு.

பையன் அதைத்தான் போட்டு இருந்தான். அதுவும் "குளோபல்" என்ற இடத்தில். அதாவது எல்லா வேலைக்கும்! படம் திக்கியதும் யாரோ நண்பன் சொன்ன யோசனை.

என்ன ஆயிற்று? அக்காள் உட்கார்ந்து கணக்கு எழுதும்போதும் கார்டு மேல்படியில் நின்று மூச்சு வாங்கியது. பாட்டு கேட்டாலும் அப்படியே. ஒன்றும் செய்யாமல் திரை வெறுமனே இருந்தாலும் அப்படியே. பத்து வாட் வீணானால்கூட, தினம் பத்து மணி நேரம் கம்ப்யூட்டர் ஓடும் வீட்டில் 60 நாளைக்கு 6 யூனிட் வீண். அத்தனையும் சூடாகத்தான் வெளியே வரும். ஆட்டம் தொடங்கும் முன்பே பெட்டி காய்ந்து கிடக்கும்.

"அக்காள் சொன்னது முழுப் பொய் அல்ல" என்றார் மெக்கானிக்.

தம்பி தலையைக் குனிந்து கொண்டான்.

"குளோபல்" இடத்தில் "நார்மல்" என்று மாற்றினார். பக்கத்தில் "புரோகிராம் செட்டிங்ஸ்" என்று ஒன்று இருக்கிறது. அங்கே அந்த ஒரு விளையாட்டின் பெயரை மட்டும் தேர்ந்து எடுத்து, அதற்கு மட்டும் "மேக்ஸிமம்" கொடுத்தார். இப்போது ஆடும்போது விழிக்கும். ஆட்டம் முடிந்தால் தூங்கும்.

இன்னும் ஒன்று செய்தார். நம் கருத்தில் அன்று அவர் செய்தவற்றில் மிகவும் உபயோகமானது அதுதான்.

பையனுடைய மானிட்டர் 60 ஹெர்ட்ஸ். வினாடிக்கு 60 படத்துக்கு மேல் காட்ட அதனால் முடியாது. ஆனால் கார்டோ, சில இடங்களில் 140 படம் வரைந்து தள்ளியது. மீதி 80 படம் எங்கே போகிறது? குப்பைக்கு! யாரும் பார்க்காத படத்துக்கு மின்சாரமும் சூடும் செலவு. இலை அறுபதுதான் போட்டு இருக்கிறது. நூற்று நாற்பது பேருக்குச் சமைப்பானேன்?

"மேக்ஸ் பிரேம் ரேட்" என்ற இடத்தில் 60 என்று போட்டார். (வேகமான போட்டிகளில் ஆடுகிறவர்கள், கைக்கு உடனே பதில் கிடைக்க வேண்டும் என்று கூடுதல் படத்தை விரும்புவார்கள். அவர்கள் பாடு வேறு.)

மறுபடி ஆட்டம். அதே பகல். அதே வெயில். சூடு 70-க்குச் சற்று மேலே போய் நின்றது. ஒரு மணி நேரம் ஆடினான். திக்கவே இல்லை.

ரேடியான், மடிக்கணினி

ஏ.எம்.டி. கம்பெனியின் "ரேடியான்" கார்டு வைத்து இருப்பவர்கள், அதன் சாப்ட்வேரில் "ரேடியான் சில்" என்ற பட்டனைப் பார்க்க வேண்டும். ஆள் அசையாமல் நின்றால் படத்தின் எண்ணிக்கையைக் குறைக்கும் ஏற்பாடு அது. நல்லதுதான். ஆனால் அது இருப்பது தெரியாமல், "படம் ஏறி இறங்குகிறதே" என்று கவலைப்படுகிறவர்கள் உண்டு.

மடிக்கணினியில் ஆடுகிறவர்கள் முதலில் சார்ஜரைச் செருக வேண்டும். பாட்டரியில் ஓடினால் சிக்கனம் கட்டாயம். கார்டு முழு வேகம் போகாது. பல மடிக்கணினிகளில் கார்டு இரண்டு இருக்கும். ஒன்று பிராசஸரோடு சேர்ந்த சின்ன கார்டு. இன்னொன்று பெரியது. விளையாட்டு சின்ன கார்டில் போய் உட்கார்ந்து விட்டால் ஆமை வேகம்தான். விண்டோஸ் "செட்டிங்ஸ்" உள்ளே "டிஸ்பிளே", அதற்குள் "கிராபிக்ஸ்" என்ற இடத்தில், அந்த விளையாட்டுக்கு "ஹை பெர்ஃபார்மன்ஸ்" என்று குறித்து விட்டால் பெரிய கார்டுக்குப் போகும்.

செட்டிங்ஸ் கேட்காத கோளாறு

எல்லாக் கோளாறும் பட்டனில் தீராது. இதைப் பெற்றோர்கள் தெரிந்து கொள்வது அவசியம்.

ஆட்டம் சூடு பிடிக்கும்போது கம்ப்யூட்டர் "பட்" என்று அணைந்து போகிறதா? அது கார்டின் தூக்கம் அல்ல. பெரும்பாலும் "எஸ்.எம்.பி.எஸ்." என்ற மின்சாரப் பெட்டியின் பலவீனம். விலை மலிவு என்று வாங்கிய பெட்டி, பெரிய கார்டு கேட்கும்போது கொடுக்க முடியாமல் மூர்ச்சை போடும். கருகல் வாசனை வந்தாலும், பெட்டியைத் தொட்டால் சுருக்கென்று ஷாக் அடித்தாலும், உடனே நிறுத்துங்கள். ஷாக் அடித்தால் மூன்றாவது முள்ளான எர்த் சரியாக இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பாருங்கள். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் வீட்டில் யாரும் திறக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் மின்சாரம் தங்கி இருக்கும்.

ஒரு கார்டு எவ்வளவு மின்சாரம் இழுக்கலாம் என்பதற்கு வரம்பு உண்டு. தாய்ப்பலகையில் செருகும் இடம் 75 வாட் வரை கொடுக்கும். ஆறு முள் ஒயர் இன்னொரு 75. எட்டு முள் ஒயர் 150. பையனின் கார்டு 75-க்குள் அடங்குவதால், அவனுக்குத் தனி ஒயரே வேண்டி இருக்கவில்லை.

இந்த வரம்பில் பெரிய கம்பெனிகளே வழுக்கி விழுந்தது உண்டு. 2016-ம் ஆண்டு ஜூன் மாதம் ஏ.எம்.டி. கம்பெனி "ஆர்.எக்ஸ். 480" என்ற கார்டை வெளியிட்டது. அது தாய்ப்பலகை வழியாக வரம்புக்கு மேல் இழுக்கிறது என்று சோதித்தவர்கள் கண்டுபிடித்தார்கள். பெரிய சத்தம் கிளம்பியது. அடுத்த மாதமே கம்பெனி புது டிரைவர் சாப்ட்வேர் வெளியிட்டு, அந்தப் பளுவைக் குறைத்தது. அது பட்டனில் தீர்ந்த கோளாறு.

தீராததும் உண்டு. 2022-ல் வந்த என்விடியாவின் "ஆர்.டி.எக்ஸ். 4090" கார்டு 450 வாட். அதற்குப் புது மாதிரி 16 முள் ஒயர். சில இடங்களில் அந்தப் பிளக்கே உருகியது. உலகம் முழுவதும் சுமார் ஐம்பது புகார் என்றும், பிளக்கை முழுவதும் அழுத்திச் செருகாததே பொதுவான காரணம் என்றும் கம்பெனி அந்த ஆண்டு நவம்பரில் சொன்னது. 2025-ல் வந்த "ஆர்.டி.எக்ஸ். 5090" கார்டோ 575 வாட்! மிக்ஸி ஓடும் அளவு. மிக்ஸியை ஐந்து நிமிடத்தில் நிறுத்தி விடுகிறோம். இது மணிக்கணக்கில் ஓடும்.

திருத்தணி வெயிலில் அப்படி ஒன்றை ஓட்டுகிறவர்களும் இருக்கலாம். நாம் பார்க்கவில்லை.

மெக்கானிக் கேட்ட கூலி

"என்ன கொடுக்க வேண்டும் தம்பி?" என்று கேட்டார் நைனா.

"பஸ் செலவோடு நானூறு கொடுங்கள் அண்ணே."

கொடுத்தார். கூடவே முருகன் பிரசாதமும் கொடுத்தார்.

மெக்கானிக் புறப்படும் முன், தாம் மாற்றியதை எல்லாம் ஒரு தாளில் எழுதி, கம்ப்யூட்டர் பெட்டியில் ஒட்டி விட்டுப் போனார். எந்த இடம், முன்பு என்ன இருந்தது, இப்போது என்ன, என்ன தேதி என்று. அதன் கீழே ஒரு வரி: "யார் மாற்றினாலும் இதில் எழுதவும்."

போன மாதம் மறுபடி அந்த வீட்டுக்குப் போய் இருந்தோம். அந்தத் தாள் பெட்டியில் அப்படியே இருந்தது. கீழே புதிதாக இரண்டு வரி சேர்ந்து இருந்தன. ஒன்று தம்பியின் கையெழுத்து: "தூசி துடைத்தேன்." இன்னொன்று அக்காளுடையது. அவன் ஆடி முடித்த பிறகு சுவர் சுவிட்சை நிறுத்த மறந்த நாட்களை அதில் கோடு போட்டுக் குறித்து வைத்து இருந்தாள். நாலு கோடு இருந்தது.

அக்காள் வீட்டில் இல்லை. டேலி வகுப்புக்கு அரக்கோணம் போய் இருப்பதாக அம்மா சொன்னார்.